அப்பா ஊசி கேட்கிறார், அண்ணன் மறுக்கிறார்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டது. ஸ்டான்லியில் பார்க்கிறோம். "என்ன மெஷின்ல மாட்டாதீங்கம்மா, ஒரு ஊசி போட்டு அனுப்பிடச் சொல்லு" என்று ராத்திரியில் என்னிடம் அழுகிறார். வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்களாமே, இங்கே வழி உண்டா? எண்ணூரில் இருக்கும் அண்ணனோ, கடைசி நிமிஷம் வரை எல்லாம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்கிறார். யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை.
ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் அப்பா ஒரே மூச்சில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். மெஷின் வேண்டாம் என்பது அவருடைய உரிமை. ஊசி போடு என்பதை இங்கே யார் செய்தாலும் குற்றம்.

ஊசியை முதலில் பேசிவிடலாம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல், கனடாவில் 2016 முதல், மருத்துவரின் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் அந்த மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கெல்லாமும் கேட்டவுடன் கொடுத்துவிடுவதில்லை. இந்தியாவில் அதற்கு இடமே இல்லை. நம் தென்மாவட்டங்களில் படுத்த படுக்கையான பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைத்த தலைக்கூத்தலை நினைத்தால், சட்டம் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று எனக்குப் புரிகிறது. அந்தப் பெரியவரின் சம்மதத்தை யார் கேட்டார்கள்?

ஆனால் ஒன்று. அவர் ராத்திரியில்தான் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையில் என் மனம் நின்றுவிட்டது. எலும்புக்குப் போன புற்றுநோயின் வலி ராத்திரியில்தான் ஆளை வாட்டும். ஊசி கேட்பவர் பல சமயம் இந்த வலி போனால் போதும் என்றுதான் கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: எங்கே வலிக்கிறது? மூச்சு முட்டுகிறதா? செலவை நினைத்தா? அம்மாவுக்குப் பாரமாகிவிட்டோம் என்றா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வழி உண்டு. வலிக்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது. அது சாகப்போகிறவருக்குக் கடைசியாகக் கொடுப்பது என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் வலியோடு போகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் அது உயிரைப் பறிக்காது, தூங்கவிடும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தாலே பலருக்குக் குறையும். அடுத்த முறை ஸ்டான்லிக்குப் போகும்போது 'பேலியேட்டிவ் கேர்', அதாவது வலியையும் தொல்லையையும் தணிக்கும் சிகிச்சை, வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து இந்தச் சிகிச்சை தருகிறார்கள்; உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதியுங்கள். வலி குறைந்த பிறகும் சாக வேண்டும் என்றே சொன்னால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் சிகிச்சை உண்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு அழைத்துப் பேசலாம்.

சரி, மெஷின் விஷயம். நினைவு தெளிவாக இருக்கும்வரை, எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம் என்று மருத்துவரிடம் அவரே சொல்லலாம். நினைவு தப்பிய பிறகு என்ன செய்வது? அதற்குத்தான் 'லிவிங் வில்'. சொத்து உயில் இறந்த பிறகு பேசும். இது உயிரோடு இருக்கும்போதே, நம்மால் பேச முடியாத நேரத்தில் நமக்காகப் பேசும். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்ததால் அதிகம் பேர் எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் அப்பா கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றளித்தால் போதும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பது நல்லது.

மொட்டையாக 'ட்ரீட்மெண்ட் வேண்டாம்' என்று எழுதக் கூடாது. குணமாக வாய்ப்பில்லை என்ற நிலை வந்தால் வெண்டிலேட்டர் வேண்டாமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாமா, மூக்கில் குழாய் வழி உணவு வேண்டாமா என்று தனித்தனியாக எழுதட்டும். வலிக்கான மருந்து கட்டாயம் வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். நகலை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கொடுங்கள், உள்ளாட்சி அமைப்பு இதற்கென நியமிக்கும் அலுவலருக்கும் ஒன்று போக வேண்டும்.

இந்தக் காகிதத்தைக் காட்டியதும் மெஷினை நிறுத்திவிட மாட்டார்கள். மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு பார்க்கும், பிறகு வெளி மருத்துவர் ஒருவரும் உள்ள இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கும் தகவல் போகும். அப்பாவைச் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறார்கள் என்று அண்ணன் பயந்தால், இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

அண்ணனை எதிரியாக நினைத்துவிடாதீர்கள். என் அம்மா ஒன்பது நாள் ஐசியூவில் இருந்தார். குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர், வெளியே நின்று சண்டை போட்டோம். ஒருவர்கூட அதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கவில்லை. 'எல்லாம் செய்யுங்கள்' என்று அன்று சத்தம் போட்டவள் நான்தான். பாசத்தில்தான் சொன்னேன். உங்கள் அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அதனால் அப்பா பேசும்போது அண்ணனும் அங்கே இருக்கட்டும். நீங்கள் போனில் எடுத்துச் சொல்வதைவிட, அப்பாவின் வாயால் கேட்பது வேறு. தன் சார்பில் முடிவெடுப்பவர்களாக ஒருவருக்கு மேலும் பெயர் எழுதலாம். உங்கள் பெயரோடு அண்ணன் பெயரும் வரட்டும். முதலில் வலிக்கு மருந்து வாங்குங்கள். இரண்டு ராத்திரி அவர் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நோட்டரிக்காகப் பாரிமுனை வரை வெயிலில் அவரை அலைக்கழிக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து போகச் சம்மதிக்கும் நோட்டரியைத் தேடிப் பிடியுங்கள்.