பயிற்சிக்குப் போய்ப் போய் அலுத்துவிட்டது, பிள்ளைகள் மட்டும் வாசிக்கவில்லை

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் என் பொறுப்பு. 19 பிள்ளைகளில் 8 பேருக்கு ஒரு பத்தியைத் தானாக வாசிக்க வரவில்லை. பருவத்துக்குப் பருவம் பயிற்சிக்குப் போகிறேன், கையேடு வாங்கி வருகிறேன், வகுப்புக்குள் நுழைந்தால் பழைய மாதிரியேதான் ஓடுகிறது. தனியார் நிறுவனம் ஒன்று ஆன்லைனில் ஃபோனிக்ஸ் ஆசிரியர் டிப்ளமோ தருகிறதாம், கட்டணம் 18,000 ரூபாய். சேரலாமா? இல்லை, வேறு எப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்வது? (ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் மனக்கணக்கில் புலி. எழுத்து மட்டும் அவனிடம் நிற்கவே மாட்டேன் என்கிறது.)
பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: டீச்சர், அந்த 18,000 ரூபாயை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். நிறுவனத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் ஃபோனிக்ஸ் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் முறை. ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு மாதிரி ஒலிப்பது, எழுதியிருந்தும் வாயில் வராத எழுத்துகள், ஒரே ஒலிக்கு நாலைந்து எழுத்துக்கூட்டு என்று ஆங்கிலத்துக்கே உரிய தலைவலிகள் சில உண்டு, அவற்றைச் சமாளிக்க வந்தது அது. எழுத்தையும் ஒலியையும் நேரடியாகச் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும் என்ற அடிப்படை தமிழுக்கும் பொருந்தும்தான். ஆனால் அந்த ஒரு வரிக்கு 18,000 அதிகம். உங்கள் ஆங்கிலப் பாடவேளைக்கு உதவும், தமிழ்ப் பத்தியில் திணறும் எட்டுப் பேருக்கு ரொம்பக் கொஞ்சம்தான் உதவும்.

தமிழில் பிள்ளை தடுக்கி விழும் இடங்களே வேறு. 12 உயிரும் 18 மெய்யும் குறிகளும் பிடிபட்டுவிட்டால் 216 உயிர்மெய்யைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்று சொல்வோம், சரிதான், ஆனால் சிக்கல் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. 'கெ'யைப் பாருங்கள். கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, வாய் முதலில் 'க்' சொல்ல வேண்டியிருக்கிறது. 'கொ'வில் எழுத்துக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு, இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஒலி. 'கௌ' எழுதினால் கடைசித் துண்டு 'ள' மாதிரியே நிற்கிறது, பிள்ளை 'கெள' என்று வாசித்தால் அதைத் திட்ட முடியாது. உகர வரிசையில் எல்லா எழுத்துக்கும் பொதுவான குறி என்று ஒன்று கிடையாது, கு, சு, டு, து என்று எழுதிப் பாருங்கள், வால் எங்கே ஒட்டுகிறது, எப்படி வளைகிறது என்பது மாறிக்கொண்டே போகும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு குழப்பம் தனி. ன, ண, ந குழப்பமும் ல, ள, ழ குழப்பமும் நீங்கள் தினம் பார்ப்பதுதான், அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இது எழுத்தோடு நிற்பதும் இல்லை. 'போய்க்கொண்டிருந்தார்கள்' என்பதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மூச்சு வாங்கி முடிக்கும் பிள்ளைக்கு, அது தான் வீட்டில் சொல்லும் 'போய்க்கிட்டு இருந்தாங்க'தான் என்று உறைக்கவே உறைக்காது. அந்தப் பிள்ளைக்குப் போய் மறுபடி எழுத்து அட்டையைக் காட்டினால் என்ன பயன்? அதற்குத் தேவை, நீங்கள் தினமும் ஒரு கதையை உரக்க வாசித்துக்காட்டி எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்குவது.

இப்போது கொஞ்சம் கோபம் வரக்கூடிய கேள்வி ஒன்று. உங்கள் எட்டுப் பேரில் யார் கொம்பில் விழுகிறார்கள், யார் மூன்று எழுத்துக்கு மேல் நீளும் சொல்லில் விழுகிறார்கள், யார் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறார்கள், யார் சரியாக வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் முழிக்கிறார்கள்? கடிதத்தில் 'வரவில்லை' என்று மட்டும்தான் இருக்கிறது. இதைச் சொல்லத் தெரிவதுதான் வாசிப்புக் கற்பிக்கும் ஆசிரியரின் தொழில்திறன் என்று நான் நினைக்கிறேன். எந்த டிப்ளமோவும் உங்கள் வகுப்புக் குழந்தையின் பிழையை உங்களுக்குக் காட்டப்போவதில்லை, அது அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

எப்படி உட்காருவது என்று கேட்டால், முதலில் பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். அந்தப் பாடத்தை வகுப்போடு சேர்ந்து கோரஸாகப் பலமுறை சொல்லியிருப்பார்கள், பாதிப் பேருக்கு மனப்பாடம். பக்கத்தைப் பார்த்தபடியே ஒப்பிப்பதும் வாசிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். சந்தேகமா, வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு இது என்ன என்று கேளுங்கள், உடனே தெரிந்துவிடும். அதனால் முன்பின் பார்க்காத ஒரு சின்னப் பத்தி வேண்டும். வாசிப்பு இயக்கத்தின் மெல்லிய புத்தகங்கள் (நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்தவை) பள்ளிக்கு வந்திருந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வாசிக்க வாசிக்க, சரியான சொல்லுக்கு மேல் ஒரு டிக், தவறென்றால் அது என்ன சொன்னதோ அதையே அப்படியே எழுதுங்கள், தானே திருத்திக்கொண்டால் அதற்கு ஒரு குறி. நடுவில் திருத்தக் கூடாது, 'ப்ச்' என்று உச்சுக்கொட்டவும் கூடாது, இது நம் வாத்தியார் இனத்துக்கு மகா கஷ்டம். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு இரண்டு பேர் என்றால் ஒரே வாரத்தில் எட்டுப் பேரையும் முடித்துவிடலாம்.

நியூசிலாந்தின் மேரி கிளே என்ற ஆய்வாளர் வகுத்த முறையின் எளிய வடிவம்தான் இது. அவர் தொடங்கிய ரீடிங் ரெக்கவரி என்ற திட்டம் பல நாடுகளுக்குப் பரவியது. படத்தையும் சூழலையும் வைத்துச் சொல்லை ஊகிக்க விடுகிறது என்று அதன் கற்பித்தல் முறைமேல் இன்றைக்குக் கடும் விமர்சனம் இருக்கிறது, அந்த விமர்சனம் நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் அதில் ஆசிரியர்களைத் தயாரித்த விதம் வேறு கதை. ஓர் ஆசிரியர் ஒரு குழந்தைக்குச் சொல்லித்தருவார், ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மற்ற ஆசிரியர்கள் பார்ப்பார்கள். இப்போது ஏன் அதைச் சொன்னார், குழந்தை தடுமாறியபோது ஏன் காத்திருக்கவில்லை என்று அந்த இடத்திலேயே பேசுவார்கள். முறை வந்தால் எல்லோரும் அந்தக் கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்தாக வேண்டும்.

உங்கள் பயிற்சிகளில் இல்லாதது அதுதான். மாநில அளவில் கேட்டவர் மாவட்டத்தில் வந்து சொல்கிறார், மாவட்டத்தில் கேட்டவர் கருத்தாளராக வட்டார வள மையத்தில் நின்று பிபிடி போடுகிறார், நீங்கள் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, கையேட்டோடு பஸ் ஏறுகிறீர்கள். கருத்தாளர்களைக் கிண்டல் செய்யவில்லை, அவர்களும் நம்மைப் போல வாத்தியார்கள்தான், பலர் நிஜமாகவே உழைக்கிறார்கள். சொல்லப்படும் விஷயமும் மோசமில்லை. தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-23இல் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துப் பிரிக்கச் சொன்னது நல்ல யோசனை, பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு பல மாநிலங்களில் செய்துகாட்டியதும் அதே வழிதான். சிக்கல் என்னவென்றால், கேட்டுவிட்டுப் போனபின் நீங்கள் வகுப்பில் அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லை. பார்க்க வருபவர் பதிவேட்டைப் பார்க்கிறார், எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) ஏற்றியாயிற்றா என்று கேட்கிறார், போய்விடுகிறார்.

இது என் சொந்தப் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழி வாசிப்பை வைத்து 2015இல் தொடங்கி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்சி. இன்னொரு பகுதிக்கு, அதே பாடத்திட்டம், அதே புத்தகங்கள், கூடவே பயிற்றுநர் ஒருவர் அவ்வப்போது வகுப்புக்கே வந்து பார்த்துச் சொல்லித்தந்தார். இரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்தால், வகுப்புக்கு ஆள் வந்த பள்ளிகளில் கிடைத்த முன்னேற்றம் தங்கிப் பயிற்சி பெற்ற பள்ளிகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவும் அதில் கூடுதல்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த அமெரிக்கர்கள் ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980களிலேயே கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார்கள். விளக்கமும் செய்துகாட்டலும் மட்டும் இருந்தால் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேருவதில்லை, கூட இருந்து பழக்கினால்தான் சேர்கிறது. அதற்குப் பிறகும் உலகம் முழுக்க ஹால் பிடித்து மைக் வைப்பது நிற்கவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020இல்கூட ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் மேம்பாடு வேண்டும் என்று மணிக்கணக்கு இருக்கிறது. மணியை எண்ணுவது சுலபம். ஆன்லைன் வகுப்பு ஓடிக்கொண்டிருக்க, நாம் காய் நறுக்கிவிட்டு வினாடிவினாவுக்கு மட்டும் போனைக் கையில் எடுப்பதும் அந்தக் கணக்கில் வந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா.

சரி, ஈராசிரியர் பள்ளியில் கண்ணாடிக்கு எங்கே போவது? உங்கள் எச்.எம்மும் இன்னொரு வகுப்பில் மாட்டிக்கொண்டிருப்பார். அதனால் போனில் குரல் மட்டும் பதியுங்கள், வாசிப்பு வேளையில் பத்து நிமிடம். வீடியோ வேண்டாம், பிள்ளைகள் முகம் யார் கைக்கும் போக வேண்டியதில்லை, ஸ்டேட்டஸில் போடும் ஆசையும் வந்துவிடும். இரவு சாப்பிட்ட பிறகு கேளுங்கள். எவ்வளவு நேரம் நீங்கள் பேசுகிறீர்கள், எத்தனை பிள்ளைகளின் தனிக் குரல் கேட்கிறது, ஒரு பிள்ளை திணறும்போது எத்தனை நொடி பொறுக்கிறீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். பலருக்கு முதல் தடவை அதிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் நாம் 'வாசிக்க வைக்கிறோம்' என்று நினைக்கும் நேரத்தில் முக்கால்வாசி கோரஸ், அந்தக் கோரஸுக்குள் வாசிக்கத் தெரியாத எட்டுப் பேரும் வாயசைத்துப் பத்திரமாக ஒளிந்திருக்கிறார்கள். அரை நொடி முன்னால் கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும், மீதிப் பேர் அதைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். கோரஸை முழுக்க ஒழிக்கச் சொல்லவில்லை, பாட்டுக்கு வேண்டும். வாசிப்புக்கு இருவர் இருவராக உட்காரவைத்து மாறி மாறி ஒருவருக்கொருவர் வாசிக்கச் சொல்லுங்கள், சத்தமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம், உங்கள் பள்ளிக்கு வரும் ஆசிரியர் பயிற்றுநரிடம் அடுத்தமுறை ஒன்று கேளுங்கள். 'சார், இந்த மூணு பிள்ளைக்கு இரட்டைக்கொம்பு வரலை, ஒரு பதினைந்து நிமிஷம் நீங்க எடுத்துக் காட்டுங்க, நான் பாக்குறேன்.' மரியாதையாக, சவால் விடும் தொனி இல்லாமல். சிலர் நழுவுவார்கள். உட்கார்ந்து எடுப்பவர் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள், அடுத்த மாதம் நீங்கள் எடுக்க அவர் பார்க்கட்டும். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போதும் அந்த டிக் போட்ட தாள்களில் இரண்டைக் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு எதுவும் வரவில்லை, பெற்றோர் கவனிப்பதில்லை என்று எல்லோரும் சொல்லும் புலம்பலுக்குப் பதிலாக, இந்தப் பிள்ளை 'தேன்' என்பதை 'தென்' என்கிறது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று பக்கத்துப் பள்ளி டீச்சரிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகும். அப்படி இரண்டு பேர் தேறினால், மூன்று பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு போதும். குட்மார்னிங் படம் போடுகிறவரைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக அந்த மனக்கணக்குப் பையன். அவனை இந்த எட்டோடு எட்டாக வைக்காதீர்கள். முதலில் கண்ணும் காதும் சோதித்தாயிற்றா என்று பாருங்கள், பள்ளி மருத்துவக் குழு வரும்போது அவனைக் குறிப்பாகக் காட்டுங்கள். அதில் ஒன்றுமில்லை என்றால் டிஸ்லெக்சியாவாக (அறிவு இருந்தும் வாசிக்க, எழுதத் திணறவைக்கும் கற்றல் குறைபாடு) இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் அவன் வாசித்த தாளையும் நோட்டையும் கொண்டுபோய்க் காட்டி முறையான மதிப்பீட்டுக்கு வழி கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த வகைக் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது, உறுதியானால் அவனுக்குச் சில சலுகைகள் கிடைக்கும். அவன் இப்போதே ஐந்தில் இருக்கிறான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவான், அதற்குள் இந்தத் தாள்கள் ஒரு கோப்பாகச் சேர்ந்து அவனோடு போக வேண்டும், அவன் அம்மா கையில் ஒரு நகலும் இருக்கட்டும்.