பழைய காருக்கு ரிவர்ஸ் கேமரா: கேட்டவையும் சொன்னவையும்

2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் பின்பக்க சென்சார் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களின் கேள்விகள்தான் இவற்றில் பெரும்பாலானவை.

அண்ணே, என்னுடையது 2011 வேகன்ஆர். பழைய ஸ்டீரியோவை எடுத்துவிட்டு டச் ஸ்கிரீன் போட்டே ஆகணுமா?

வேண்டாம். உள்கண்ணாடியின் மேல் மாட்டும் 4.3 அங்குலத் திரை போதும். பாட்டுக் கேட்கும் ஆசையும் இருந்தால் மட்டும் டச் ஸ்கிரீன்.

கேமராவுக்கு கரண்ட் எங்கிருந்து எடுப்பது? நேராக பேட்டரியில் கொடுக்கச் சொல்கிறார் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்.

பேட்டரியில் நேராகக் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவ் ஒயரில் எடுங்கள். கியர் போட்டால் மட்டும் உயிர் வரும். அந்த 21 வாட் பல்பே ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கிறது. கேமரா இழுப்பது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சிறு ஃபியூஸ் ஒன்று போட்டுவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு ஒரு வேலை: சாவியைத் திருப்பி ரிவர்ஸ் கியர் போட்டு, பின்னால் ஒருவரை நிறுத்தி விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச் போயிருக்கும். பல வருடமாக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்புறம் கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை.

வீடியோ கேபிளின் இரு முனையிலும் மெல்லிய சிவப்பு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும். தேவையில்லாதது என்று வெட்டி எறிகிறவர்கள் நிறைய. பின்முனை ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவில், முன்முனை ஸ்டீரியோவின் ரிவர்ஸ் ஒயரில். கியர் விழுந்ததும் திரை தானாக மாறுவது இதனால்தான்.

டிக்கியைத் திறந்து மூடினால் படம் போய்ப் போய் வருகிறது சார்.

ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பாடிக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள்தான் போக வேண்டும். நுழைப்பது பொறுமையைச் சோதிக்கும், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே ஜாயின்ட் கூடாது. நான் முதன்முதலில் சோம்பல்பட்டு வெளியே விட்டேன். கதவு அழுத்தி மூன்றே மாதத்தில் அறுந்தது.

இடது வலதாகத் தெரிகிறது. இப்படித்தான் இருக்குமா?

இல்லை. பின்கேமராப் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். உங்களுடையதை முன்கேமராவுக்கான அமைப்பில் வைத்திருக்கிறார்கள். பல கேமராக்களில் சிறு வளையமாக ஒயர் தொங்கும். அதை வெட்டினால் படம் திரும்பும். இன்னொரு வளையம் திரையில் தெரியும் பார்க்கிங் கோடுகளை மறைப்பதற்கு. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூட வந்த தாளைப் படித்துவிட்டு வெட்டுங்கள்.

புது ஏஎச்டி கேமரா போட்டேன், திரை கறுப்பாகவே இருக்கிறது.

ஏஎச்டி என்பது கூடுதல் தெளிவான படம் அனுப்பும் வகை. உங்கள் ஸ்டீரியோ அதை ஏற்குமா? ஏற்கும் என்றால் செட்டிங்கில் கேமரா வகையை மாற்றுங்கள். ஏற்காவிட்டால் சாதாரண கேமராதான்.

ஒயர்லெஸ் வாங்கினால் இந்த ஒயர் தொல்லை தீருமா?

பாதி தீரும். படம்தான் காற்றில் வரும். கரண்டுக்கு இரண்டு பக்கமும் ஒயர் வேண்டும். படமும் சில சமயம் நடுங்கும். கேபிளே என் கட்சி.

அப்பாவின் வண்டியில் இரவில் எதுவும் தெரியவில்லை.

ரிவர்ஸ் விளக்கின் மூடி மஞ்சளடித்திருக்கும், பாலிஷ் போடச் சொல்லுங்கள். கேமரா லென்ஸையும் ஈரத்துணியால் துடையுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது.