பழைய வாளுக்குக் கறள்: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: அப்பப்பா வைத்திருந்த வாள் ஒன்று எங்களிடம் இருக்கிறது. இரும்பு அலகு, பித்தளைப் பிடி, தோல் உறை. வருடாவருடம் கறள் கூடுகிறது. கடையில் கேட்டால், மெசினில் பொலிஷ் போட்டுப் புதிதாக்கித் தரலாம், இல்லையென்றால் கறள் ஸ்பிரே வாங்குங்கள் என்கிறார்கள். எது நல்லது? (வாசகர், கல்லடி)

பதில்: பொலிஷுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அலகில் இறுகிப்போய் இருக்கும் கருமை வாளின் வயதுக்குச் சாட்சி. மெசினில் தேய்த்தால் அதோடு கொல்லன் இட்ட அடையாளங்களும் போய்விடும். பழம்பொருள் வாங்குபவர்கள் அப்படிப்பட்ட வாளுக்கு விலையைக் குறைத்துத்தான் கேட்பார்கள்.

கவலைப்பட வேண்டியது செம்மஞ்சள் தூளைப் பார்த்துத்தான். வெள்ளைத் துணியால் தடவும்போது அது ஒட்டினால், கறள் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 வீதத்தைத் தாண்டினால் இரும்பு வேகமாகக் கறள் பிடிக்கும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புப் படிந்த இரும்புக்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை.

முதலில் வாளை உறையிலிருந்து வெளியே எடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த அமிலமும் அதில் இருக்கும். பித்தளையில் தோல் படும் இடத்தில் பச்சையாகப் பிசுக்குப் படிந்திருக்கிறதா பாருங்கள், அதுவும் தோலின் வேலைதான். இனி உறை வேறாக, வாள் வேறாக இருக்கட்டும்.

தூளாக நிற்கும் கறளில் தையல் மெசின் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சீவிய மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். சாண்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் நம்மிடம் உண்டு, ஆனால் அது நாளாக ஆகக் காறிப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். ஸ்பிரேக்கள் பெரும்பாலும் ஈரத்தை விரட்டத்தான் உதவும், அவை விடும் மெல்லிய படலம் நீண்ட நாள் நிற்காது. பார்மசியில் கிடைக்கும் லிக்விட் பரஃபின் மலிவு, காறாது. துடைத்தபின் மெல்லிசாகப் பூசினால் போதும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு வாங்குங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் அலகில் எண்ணெய் இருந்தால் மெழுகு ஒட்டாது, ஸ்பிரிட்டால் துடைத்துக் காய்ந்த பிறகே பூச வேண்டும்.

அப்புறம், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வாங்குங்கள். மூடாத அலுமாரிக்குள் ஜெல் போடுவது வீண் செலவு. நிறம் மாறும் ஜெல் என்றால் எப்போது சூடாக்கிக் காயவைக்க வேண்டும் என்று பார்த்தவுடனே தெரியும். வாளை எடுக்கும்போது கையுறை போடுங்கள், வியர்வையிலும் உப்பு உண்டு. கார்த்திகை, மார்கழி மழைக்கு முன்னும் பின்னும் ஒருமுறை திறந்து, அதே வெள்ளைத் துணியால் தடவிப் பாருங்கள்.