முயல் சுடும்போது .22 ரைபிளின் சத்தத்தைக் குறைப்பது எப்படி? சைலன்சர் மட்டும் போதுமா?

கேட்டவர் நியூசிலாந்தில் இருக்கிறார். உரிமம் உண்டு, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் .22 ரைபிள் உண்டு. பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது, முதல் வெடிக்கே மொத்த முயல்களும் வளைக்குள் ஓடிவிடவும் கூடாது என்பது அவர் கவலை. நான் சென்ட்ரல் ஒட்டாகோவில் திராட்சைத் தோட்ட வேலையில் இருக்கிறேன். இங்கே முயலை விட்டுவைத்தால் இளங்கொடிப் பட்டையைக் கடித்தே கொன்றுவிடும். அதனால் முயல் சுடுவதும் எங்கள் வேலையில் சேர்த்தி. என் பதில்: முதலில் தோட்டாவை மாற்றுங்கள், சைலன்சரைப் பிறகு பார்க்கலாம்.

காரணம் இதுதான். சுடும்போது நமக்குக் கேட்பது இரண்டு சத்தம். குழல் வாயில் அழுத்தத்தோடு பீறிடும் வாயு எழுப்பும் 'டும்' ஒன்று. குண்டு ஒலியைவிட வேகமாகப் பறந்தால் போகும் வழி முழுக்கக் கிளப்பும் 'சடீர்' இன்னொன்று. சைலன்சர் முதலாவதைத்தான் அடக்கும். இரண்டாவது பிறப்பது குழலுக்கு வெளியே, காற்றில். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சைலன்சரும் அதைத் தொட முடியாது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 'ஹை வெலாசிட்டி' (அதிவேக) .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டாவின் குண்டு வினாடிக்கு சுமார் 380 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் 343 மீட்டர். ஆக 'சடீர்' நிச்சயம். பெட்டியில் 'சப்சானிக்' (ஒலியைவிட மெதுவானது) என்று போட்டிருப்பதில் குண்டின் வேகம் 320 மீட்டர் அளவில்தான் இருக்கும், அந்தச் சத்தம் எழவே எழாது. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். நீளமான குழல் உள்ள ரைபிள் என்றால் இன்னும் நல்லது. .22-இன் கொஞ்சூண்டு வெடிமருந்து குழலுக்குள்ளேயே எரிந்து, வாயுவும் விரிந்து அழுத்தம் குறைந்துதான் வெளியே வரும்.

குளிரைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 0.6 மீட்டர் இறங்கும். ஜூலை இரவில் அலெக்ஸாண்ட்ரா பக்கம் மைனஸ் 5 சாதாரணம். அப்போது ஒலியின் வேகம் 328 மீட்டர்தான். 'ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி' என்று விற்கும் தோட்டா 326 மீட்டர் அளவில் பறப்பது, அதுவும் குண்டுக்குக் குண்டு கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். கோடையில் அமைதியாக இருந்த அதே பெட்டி, குளிர்காலத்தில் ஒன்று 'டப்' என்றும் அடுத்தது 'சடீர்' என்றும் மாறி மாறி ஒலிப்பது இதனால்தான். ரைபிளிலோ சைலன்சரிலோ கோளாறு என்று கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குளிர்கால வேட்டைக்கு சப்சானிக் என்றே தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்தச் 'சடீர்' எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பது குண்டு எதைக் கடந்து போகிறது என்பதைப் பொறுத்தது. திறந்த புல்வெளிக்கு மேலே அது சின்னதாக ஒரு 'சட்'. திராட்சை வரிசைகளுக்கு நடுவே அதே தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள்: இருபுறமும் நிற்கும் கம்பம் ஒவ்வொன்றும் சத்தத்தைத் திருப்பி அனுப்ப, கெட்டித் துணியைக் கிழிப்பதுபோல நீளமாக 'சர்ர்ர்' என்று ஓடும். பாறைச் சரிவும் தகரக் கொட்டகைச் சுவரும் இதைவிட மோசம். நிற்கும் இடத்தை நாலடி மாற்றி, புல் மேட்டைப் பார்த்துச் சுட்டாலே பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தம் குறையும். மேட்டுக்கு முன்னால் சுடுவது குண்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நல்லது.

இனி சைலன்சர். நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் உள்ளவர் இதற்கென்று தனி அனுமதி வாங்க வேண்டியதில்லை, துப்பாக்கிக் கடையிலேயே கிடைக்கும். ஹைராம் பெர்சி மேக்சிம் 1909-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை மாறவில்லை. வாயுவை அறை அறையாக விரியவிட்டு, ஆறவைத்து, வேகம் தணித்து வெளியே விடுவதுதான் விஷயம். வாங்குமுன் உங்கள் குழல் முனையில் என்ன மரை வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். அரை அங்குல விட்டத்தில், அங்குலத்துக்கு 20 மரையும் உண்டு, அமெரிக்க வழக்கமான 28 மரையும் உண்டு. ஒன்றுக்கு ஒன்று சேராது. வீட்டில் எதையாவது வைத்து நீங்களே செய்யப் பார்க்காதீர்கள். குழலோடு மயிரிழை நேர்கோடு தவறினாலும் குண்டு உள்தகட்டில் மோதும். பல நாடுகளில் அப்படிச் செய்வதே பெரிய குற்றமும்கூட.

சைலன்சரை நான் சிபாரிசு செய்வதற்குப் பெரிய காரணம் காதுதான். '.22 தானே, சின்னது' என்று சொல்லிக்கொண்டு காதை மூடாமல் சுடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெறும் .22 ரைபிளே 130 முதல் 140 டெசிபல் வரை போகிறது. 140 என்பது ஒரே அடியில் காதைக் கெடுக்கக்கூடிய எல்லை. போன கேட்புத்திறன் திரும்பி வராது. சைலன்சர் 20 டெசிபல் அளவுக்குக் குறைத்தாலும், பயிற்சிக்கு வரிசையாகச் சுடும்போது காதுக்கவசம் போட்டே சுடுங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள்.

சப்சானிக்கும் சைலன்சரும் சேர்ந்தால் முயல் எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். குண்டு பட்ட முயல் சாய்கிறது; பக்கத்தில் மேய்கிறது நிமிர்ந்து காதை விறைக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் போல்ட்டை 'கிளக்' என்று இழுத்தீர்கள் என்றால் எல்லாம் போச்சு. உள்ளங்கையால் அணைத்து மெதுவாக இழுங்கள். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் இது நம் கையில் இல்லை. அதன் போல்ட் தானாக அடித்துக்கொள்ளும் சத்தமே தனியாகக் கேட்கும், போதாததற்கு பல துப்பாக்கிகளில் சப்சானிக் தோட்டா சரியாக ஏறியும் இறங்காது. உங்களுடையது போல்ட் ஆக்‌ஷன் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவு அமைதிக்கும் ஒரு விலை உண்டு, அதை முயல் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. 380 மீட்டரில் கிளம்பும் 2.6 கிராம் குண்டின் ஆற்றல் சுமார் 188 ஜூல். 320 மீட்டரில் அது 133-க்கு இறங்கிவிடுகிறது. குண்டு கீழே தாழ்வதும் அதிகம்: 50 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தால் 75 மீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டர் தாழ்கிறது, 100 மீட்டரில் சுமார் 24. முயலின் தலை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நான் 60 மீட்டருக்கு மேல் விசையைத் தொடுவதில்லை. எட்டவில்லை என்றால் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக ஊர்ந்து கிட்டே போவேன், அல்லது விட்டுவிடுவேன். தோட்டா மாற்றியதும் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும். பழைய அளவை நம்பிச் சுட்டால் முயல் அடிபட்டு வளைக்குள் போய் வதைபட்டுச் சாகும். சத்தம் குறைக்கப் போய் அந்த நிலை வருவதற்கு, சத்தத்தோடு சுத்தமாகச் சுடுவதே மேல்.

இதே காரணத்தால்தான் சிசிஐ 'குவைட்' போன்ற, வினாடிக்கு 216 மீட்டர் மட்டுமே போகும் தோட்டாவை நான் முயலுக்குப் பயன்படுத்துவதில்லை. சைலன்சர் இல்லாமலேகூட அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆற்றல் 60 ஜூல் சொச்சம். தகர டப்பாவைச் சுட்டுப் பழக அருமையானது. வீடுகளுக்கு ரொம்பப் பக்கத்தில், 30 மீட்டருக்குள் என்றால் நல்ல ஏர் ரைபிள் அதைவிடப் பொருத்தம். .22-ஐவிடச் சின்ன, வேகமான குண்டான .17 எச்எம்ஆர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது 777 மீட்டர் வேகம். சைலன்சர் போட்டாலும் 'சடீர்' இருக்கத்தான் செய்யும். குடியிருப்பு இல்லாத மலைச்சரிவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போகும் ஈயக்குண்டு பாறையிலும் உறைந்த மண்ணிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறித்துப் போகும். ஒட்டாகோ மலையில் புல்லுக்கு நடுவே சிஸ்ட் பாறை நீட்டிக்கொண்டே இருக்கும். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர்வரை போகக்கூடியது. சத்தம் கேட்காததால் பக்கத்துத் தோட்டக்காரருக்கு நாம் சுடுவதே தெரியாது என்பதையும் யோசியுங்கள். அன்று மாலையே அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள், எந்தப் பக்கம், எத்தனை மணிவரை என்று. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போகும்போது இது கட்டாயம்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டை குற்றம். நியூசிலாந்தில் முயல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு நிலத்தையே அழிக்கும் பிராணி, நம்மூரில் அது மண்ணின் உயிர். மேலே சொன்ன எதையும் அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. .22 அழுக்கு அதிகம். ஈயமும் கரியும் சேர்ந்து தகடுகளில் அப்பிக்கொள்ளும், ஆகவே கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய சைலன்சராகப் பார்த்து வாங்குங்கள். வெளியே கிளம்புமுன் கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், குண்டை எடுத்துவிட்டுத்தான். வீடு திரும்பியதும் கழற்றி வையுங்கள். உள்ளே வியர்க்கும் ஈரம் குழல் முனையில் இறங்கி, ஒரு வாரம் விட்டால் மரையில் சிவப்பாகத் துரு பிடித்திருக்கும்.