ஆசிரியர்கள் ஏன் விலகுகிறார்கள்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பதிலளிக்கிறார்

கேள்வி (தனியார் பள்ளித் தாளாளர்): ஐயா, ஆண்டுதோறும் ஏப்ரலில் நாலைந்து பேர் விலகுகிறார்கள். சம்பளத்தை உயர்த்தியும் நிற்கவில்லை. ஏன்?

பதில்: விடுப்பில் போனவரின் வகுப்பை யார் எடுப்பது என்று எழுதும் உங்கள் பள்ளியின் மாற்று வகுப்பு நோட்டை எடுத்துப் பாருங்கள். எட்டுப் பாடவேளையில் ஆறு வகுப்பு எடுத்த ஆசிரியை, மீதி நேரத்தில் நோட்டுத் திருத்தலாம் என்று உட்காருகிறார். சிவப்புப் பேனாவைத் திறப்பதற்குள் அந்த மாற்று வகுப்பு நோட்டு வந்துவிடும்: "ஏழாம் வகுப்பு பி பிரிவு, கையெழுத்துப் போடுங்கள் டீச்சர்." நோட்டுக் கட்டு வீட்டுக்குப் போகிறது; அங்கே சமையல், பிள்ளைகள், அதற்குப் பிறகு பாடக்குறிப்பு. இது அன்றாடமானால் எந்தச் சம்பள உயர்வும் அவரை நிறுத்தாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடத்துக்குத் தயாராகும் நேரத்தையும் வேலையாகவே கணக்கிடுகிறது. விடுப்பில் போகிறவர்களுக்காகவே கூடுதலாக ஓர் ஆசிரியரை நியமியுங்கள். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மாற்று வகுப்புக்கு மேல் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி (கணித ஆசிரியை): என் அசல் சான்றிதழ்களைத் தர மறுக்கிறார்கள், ஐயா.

பதில்: அவை உங்கள் உடைமை, அம்மா, பிணையாக வைத்திருக்கப் பள்ளிக்கு உரிமையில்லை. எழுத்துமூலம் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள். நியமன ஆணையில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தை நீங்களும் மதியுங்கள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டால் பிள்ளைகள் தவித்துப்போவார்கள்.

கேள்வி: ஏழு ஆண்டு பணிக்குப் பின் விலகினேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டா?

பதில்: உண்டு. தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு போதும். 2009-இல் வந்த பணிக்கொடைச் சட்டத் திருத்தம் ஆசிரியர்களையும் 1997 ஏப்ரல் 3 முதல் சேர்த்தது; உச்ச நீதிமன்றம் 2022-இல் அதை உறுதிசெய்தது. கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் 20,000 ரூபாய் என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 7-ஆலும் பெருக்குங்கள்: ஏறத்தாழ 80,769 ரூபாய். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மே மாதச் சம்பளம் இல்லை. ஆனால் மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகச் சொல்கிறார்கள்.

பதில்: அநியாயம். ஊதியமில்லாத மாதத்தில் வேலை வாங்கும் பள்ளி, ஆசிரியர் ஜூனில் திரும்பவில்லை என்று புலம்பக் கூடாது. பன்னிரண்டு மாதமும் சம்பளம் தரும் பள்ளியைத் தேடுங்கள்.

கேள்வி (தலைமையாசிரியை): வகுப்பு வாசலில் ஆசிரியரைத் திட்டும் பெற்றோரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் பெற்றோரை உங்கள் அறைக்கு அழைத்து உட்கார வையுங்கள். ஆசிரியரிடம் தனியே கேட்ட பிறகே முடிவு சொல்லுங்கள். மாணவர்கள் பார்க்க அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். அடுத்த நாள் அதே வகுப்பில் அவர் எப்படி நிற்பார்? தவறு அவருடையதாக இருந்தாலும் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். மாலையில் அவர் கிளம்புமுன் ஒருமுறை போய்ப் பேசிவிடுங்கள்.