ஜனவரிக் குளிரில் டெல்லிப் பக்கம் மாரத்தான். முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. குளிரை நினைத்தாலும் பயம். தருமபுரியில் இருந்தபடி, வத்தல்மலையில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்கிறேன். எப்படித் தயாராவது?

வத்தல்மலையில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வதாகச் சொல்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அந்த இறக்கத்தின் மேல்தான். இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முழங்காலுக்குக் கீழே வரை வரும் ஐ.டி. பேண்ட் என்ற பட்டை, இறக்கத்தில் ஓடினால் அதிகம் உறுத்தும். மலையைக் கொஞ்ச நாள் விடுங்கள். சமதளத்தில், வழக்கமாக வலி தொடங்கும் தூரத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். வீட்டில் ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்கி மெல்ல இறக்குங்கள். கால் சற்றுப் பின்னால் இருந்தால்தான் வேலை இடுப்புத் தசைக்குப் போகும். எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டாலே வலிக்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

குளிருக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. நம் ஊர் வெயிலைவிட அதில் ஓடுவது எளிது. குளிர் கூடுதலான தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் ஒருமுறை ஓடி உடுப்பைச் சோதியுங்கள். புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். இதமாக இருந்தால் உடுப்பு அதிகம். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்து சில்லிட்டுவிடும், வேண்டாம். கையுறை கட்டாயம் (மரத்த விரலால் ஷூ லேஸ் கட்டிப் பாருங்கள், தெரியும்). ஓடுமுன் 10, 15 நிமிடம் நடந்து, மெல்ல ஓடி உடம்பைச் சூடாக்குங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு 42.195 கி.மீ. ஓடவே வேண்டாம். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். கடைசி மூன்று வாரத்திலும் வலி நின்றபாடில்லை என்றால், அமைப்பாளர்கள் அனுமதித்தால் அரை மாரத்தானுக்கு மாறிக்கொள்ளுங்கள்.