மாப்பிள்ளையின் சர்நேம் எந்த ஊர்?

கேள்வி: என் மகள் வேலைக்குப் போன இடத்தில், நாட்டிங்காமிலேயே ஓர் ஆங்கிலேயரைத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் அட்டன்பரோ. ஒன்பது வயதுப் பேத்தியைப் பள்ளியில் கொடிவழி வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பக்கம் ஐந்து தலைமுறையை நானே போனில் சொல்லிவிட்டேன். அப்பா பக்கம், மாப்பிள்ளைக்கு அவருடைய தாத்தாவுக்கு மேல் யாரையும் தெரியவில்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? டிவியில் வரும் டேவிட் அட்டன்பரோவுக்கு இவர்கள் சொந்தமா? மேலே போய்த் தேட வழி உண்டா? இணையத்தில் இந்தப் பெயருக்கான குடும்பச் சின்னம் என்று சட்டம் போட்டு விற்கிறார்கள். வாங்கி ஒட்டலாமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள், ஐயா. இங்கிலாந்தில் மரபுச் சின்னம் தனி ஆளுக்குத்தான் வழங்கப்படும். அவருக்குப் பின் அவருடைய நேர் வாரிசுகளுக்குப் போகும். அதை வழங்கவும் பதிவு செய்யவும் லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பு 1484 முதல் இருக்கிறது. ஒரே சர்நேம் உள்ள எல்லாருக்கும் பொதுவாக ஒரு சின்னம் என்று எதுவும் கிடையாது. கடைக்காரர் விற்பது, என்றைக்கோ அந்தப் பெயரில் வாழ்ந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அவரே வரைந்ததாகவும் இருக்கலாம்.

இனி பெயர். இதைத் தேட உங்கள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டிங்காமிலிருந்து டார்பி போகும் ரயில் பாதையில், ட்ரென்ட் ஆற்றின் வடகரையில், அட்டன்பரோ என்றே ஒரு கிராமம் இருக்கிறது. ஸ்டேஷனுக்கும் அதே பெயர். ஆற்றோரம் சரளை அள்ளிய பள்ளங்களில் நீர் தேங்கி ஏரிகளாகி, இன்று அந்த இடம் பறவைகளுக்கான காப்பகம். 1966இல் அதைத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ.

12ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் இந்த ஊர் 'அடின்புர்கா' என்று வருகிறது. பின்பாதியில் இருப்பது 'புர்ஹ்' என்ற பழைய ஆங்கிலச் சொல். அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். முன்பாதி ஆள் பெயர், அட்டா அல்லது அதையொத்த ஒன்று. 'அட்டா என்பவனின் கோட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மனிதன் யார் என்பதற்கு இந்த ஊர்ப்பெயரைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுவார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இன்னதன் அருகில்' என்று பொருள். சாம்பல் மரத்தடியில் குடியிருந்தவன் 'அட்டன் ஆஷ்'; அது நாளடைவில் 'நாஷ்' என்று சுருங்கியது. ஓக் மரங்களடியில் இருந்தவன் 'நோக்ஸ்' ஆனான். அதே சூத்திரத்தைப் போட்டு, அட்டன்பரோ என்றால் கோட்டையருகே குடியிருந்தவன் என்று சொல்லிவிடத் தோன்றும். கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஊரின் பழைய வடிவத்தில் இருப்பது 'அடின்'. ஒரு பெயருக்கு இன்றைய எழுத்துக்கூட்டலை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது. கிடைக்கிற மிகப் பழைய வடிவத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, ஊர்ப்பெயர் எப்படி ஆள் பெயரானது? இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். காரைக்குடியில் யாரையும் காரைக்குடிக்காரர் என்று கூப்பிட மாட்டார்கள். அவர் திருப்பூரில் வந்து கடை போட்ட பிறகுதான் 'காரைக்குடியார்' ஆவார். இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்ற 12ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டு வரையான காலத்திலும் இதுதான் நடந்தது. அட்டன்பரோவை விட்டு வெளியேறி, அடுத்த கிராமத்திலோ நாட்டிங்காம் நகரத்திலோ குடியேறியவனுக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டியிருக்கும். பிறகு அது மகனுக்குப் போய், பேரனுக்குப் போய், காரணம் மறந்து வெறும் பெயராக நின்றுவிட்டது. ஆகவே மாப்பிள்ளையின் முன்னோரை அந்தக் கிராமத்துக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஊரைச் சுற்றி ஒரு நாள் நடந்து போய்த் திரும்பக்கூடிய வட்டத்தில் தேடுங்கள்.

அந்த வட்டம் எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு டேவிட் அட்டன்பரோவின் குடும்பமே சாட்சி. அவருடைய தந்தை ஃப்ரெடெரிக் அட்டன்பரோ 1887இல் பிறந்த ஊர் ஸ்டேபிள்ஃபோர்டு. அட்டன்பரோ கிராமத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளில் அந்தப் பெயர் அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருக்கிறது! அவர், பழைய ஆங்கிலம் வழங்கிய ஆங்கிலோ-சாக்சன் காலத்தின் சட்டங்களைப் பதிப்பித்து மொழிபெயர்த்து 1922இல் வெளியிட்ட அறிஞர் என்பது இன்னொரு சுவை. 'புர்ஹ்' என்ற சொல்லைத் தன் பெயரில் சுமந்தவர், அந்த மொழியையே படித்திருக்கிறார்.

ஆனால் அடுத்த தலைமுறையைப் பாருங்கள். டேவிட்டின் அண்ணன், 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட், 1923இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். டேவிட் 1926இல் லண்டன் பக்கம் ஐசில்வொர்த்தில் பிறந்தார். இருவரும் வளர்ந்தது லெஸ்டரில். பிறந்த ஊரை மட்டும் பார்த்து இவர்களை மூன்று தனிக் குடும்பங்களாகப் பிரித்துவிட முடியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கி ரயிலும் ஆலையும் பல்கலைக்கழகமும் ஆட்களைக் கலைத்துப் போட்டுவிட்டன. அதனால்தான் குடும்பப் பெயர் பரவலை ஆராய்கிறவர்கள் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கையில் எடுக்கிறார்கள். அதில் அட்டன்பரோக்கள் நாட்டிங்காம்ஷயரிலும் அதை ஒட்டிய டார்பிஷயரிலும் கொத்தாக இருக்கிறார்கள். கிராமமே இரண்டு மாவட்டங்களின் எல்லையோரம் இருப்பதால் இது எதிர்பார்த்ததுதான். லண்டனிலும் ஒரு கூட்டம் உண்டு. அங்கே ஃப்ளீட் தெருப் பக்கம் அட்டன்பரோ என்றால் அடகுக் கடை என்று 19ஆம் நூற்றாண்டு லண்டன்வாசிகளுக்குத் தெரியும். பரவல் வரைபடம் பார்க்கும்போது தலை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். லண்டனில் எல்லாப் பெயரும் நிறைய இருக்கும். லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற விகிதத்தைக் காட்டும் வரைபடத்தில்தான் பெயரின் சொந்த மண் தெரியும்.

டேவிட் அட்டன்பரோவுக்குச் சொந்தமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு, அதிர்ஷ்டவசமாக, ஆய்வே நடந்திருக்கிறது. அதுவும் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில். ஃப்ரெடெரிக் அட்டன்பரோ 1932 முதல் 1951 வரை முதல்வராக இருந்த கல்லூரிதான் பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகமானது. டூரி கிங், மார்க் ஜோப்லிங் என்ற இரு மரபணு ஆய்வாளர்கள் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்களை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயர்களுள்ள 1,678 ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது; சர்நேமும் அதே வழியில்தான் போகிறது. ஸ்மித் என்ற பெயருள்ளவர்களிடம் எந்த ஒற்றுமையும் இல்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்ததால் அந்தப் பெயர் ஆயிரம் இடங்களில் தனித்தனியே முளைத்தது. அட்டன்பரோ என்ற பெயருள்ளவர்களிலோ கிட்டத்தட்ட 87 விழுக்காட்டினர் ஒரே வகைக் குரோமோசோமைச் சுமந்தார்கள். அதாவது, இன்றுள்ள பெரும்பாலோர் ஒரே மூதாதையின் ஆண்வழி.

இந்த 87 எவ்வளவு பெரிய எண் என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தத்துப் பிள்ளை, தாயின் பெயரை எடுத்துக்கொண்ட பிள்ளை, வெளியே சொல்லாத கதைகள் என்று தலைமுறைக்கு நூற்றில் ஒன்று மட்டுமே வழி மாறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், இருபது தலைமுறையில் 82 பேர்தான் மூல வழியில் மிஞ்சுவார்கள். அரச குடும்பமே இதற்கு விலக்கில்லை. லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் 2012இல் தோண்டியெடுத்த எலும்புக்கூடு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டுடையது என்று மரபணு வழியே உறுதி செய்த குழுவை நடத்தியவரும் இதே டூரி கிங்தான். தாய்வழிச் சோதனை பொருந்தியது. ஆனால் ஏடுகளின்படி ஆண்வழி உறவினர்களாக இருக்க வேண்டியவர்களின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் சங்கிலி அறுந்திருக்கிறது.

ஆக, உங்கள் மாப்பிள்ளையும் டேவிட் அட்டன்பரோவும் சில நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரே ஆளின் வழியில் வந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. சொந்தம் என்று பள்ளியில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அது போதாது. பேத்தி கேட்டால் 'இருக்கலாம், ரொம்ப ரொம்பத் தூரம்' என்று சொல்லுங்கள். மரபணுச் சோதனை வேண்டாம் என்பதே என் கருத்து. பெண்ணுக்கு ஒய் குரோமோசோம் கிடையாது; மாப்பிள்ளையோ அவருடைய அப்பாவோதான் எச்சில் மாதிரி கொடுக்க வேண்டும். பள்ளி வீட்டுப்பாடத்துக்காக ஆரம்பித்து, யாரும் கேட்காத ஒரு பதிலோடு வந்து நின்ற குடும்பங்கள் உண்டு.

தேடும் வழிக்கு வருகிறேன். தொடங்க வேண்டிய இடம் இணையம் இல்லை, உங்கள் சம்பந்தி வீடு. சம்பந்தியின் திருமணச் சான்றிதழ் இருந்தால் அதில் இரு தரப்புத் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். (தாய்மாரின் பெயரைச் சேர்க்க அவர்களுக்கு 2021 மே வரை ஆயிற்று!) அதிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்புக்கு அரசுப் பதிவு உண்டு. ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் அதன் அட்டவணையைக் காசில்லாமல் தேடலாம். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் அதில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். அதற்கு முந்தைய பிறப்புகளுக்கு அரசுப் பதிவகத்தின் சொந்த அட்டவணையைப் பாருங்கள். அதன் தளத்தில் உங்கள் பெயரைப் பதிவு செய்துகொண்டால் போதும், அதில் 1837 முதலே தாயின் குடும்பப் பெயர் இருக்கிறது. ஒரே பெயரில் மூன்று ஜான்கள் நிற்கும்போது அது ஒன்றுதான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

இந்தப் பக்கத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. ஸ்டேபிள்ஃபோர்டு போன்ற நாட்டிங்காம்ஷயர் கிராமங்கள் சில, டார்பிஷயர் பேரில் இருந்த ஷார்ட்லோ என்ற பதிவு மாவட்டத்தில் சேர்ந்திருந்தன. பிறப்பு ஷார்ட்லோவில் பதிவாகியிருக்கிறது என்றால் குடும்பம் டார்பிஷயருக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆள் பெயரோடு கிடைப்பது 1841 முதல். ஆனால் அந்த ஆண்டு பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். பிறந்த ஊரும் இல்லை. 1851 முதல் ஊர் உண்டு. நூறு ஆண்டு ரகசியக் காப்பு இருப்பதால் கடைசியாக வெளியானது 1921ஆம் ஆண்டுக்குரியது. 1931இன் ஏடுகள் தீயில் போய்விட்டன. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே இல்லை. நடுவில் உள்ள பள்ளத்தை, போர் தொடங்கியதும் மக்களைக் கணக்கெடுத்த 1939 பதிவேடு ஓரளவு நிரப்பும். தொழில் என்ற பத்தியில் எஃப்.டபிள்யூ.கே. என்று மூன்றெழுத்து இருந்தால் ஃப்ரேம்வொர்க் நிட்டர், அதாவது சட்டகம் போட்ட பின்னல் இயந்திரத்தில் காலுறை பின்னுகிறவர் என்று அர்த்தம். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு நடந்த தொழில் அது. அந்த இயந்திரத்தை 1589இல் உருவாக்கிய வில்லியம் லீ, நாட்டிங்காம்ஷயரின் கால்வர்டன் ஊர்க்காரர் என்பார்கள். உங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் ஓடும் நிட்டிங் மெஷினுக்கு அதுதான் பாட்டன். பேத்தியின் இரண்டு பக்கமும் அந்த இடத்தில் சந்தித்துக்கொண்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

1837க்கு முன்னால் சர்ச் ஏடுகள்தான். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ரோம்வெல் போட்ட ஆணைப்படி ஒவ்வொரு பங்கிலும் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்திலும்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எழுதப்பட்டன. எல்லா ஊரிலும் எல்லா ஆண்டும் மிஞ்சவில்லை. சில்வெல், டோட்டன் ஆகிய பக்கத்து ஊர்களுக்கும் அட்டன்பரோவின் புனித மரியாள் கோயில்தான் பங்குக் கோயில். பிற்காலத்தில் மன்னரை வீழ்த்தி ஆட்சி செய்த ஆலிவர் க்ரோம்வெல்லின் மருமகனான ஹென்ரி அயர்டன் 1611இல் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். மூல ஏடுகளைப் பார்க்க நாட்டிங்காம்ஷயர் ஆவணக் காப்பகம் நாட்டிங்காமிலேயே இருக்கிறது. மகள் ஒரு விடுமுறை நாளில் போய்வரலாம்.

எங்கே தேடினாலும் எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுதத் தெரியாதவர் சொல்ல, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். கடைசிப் பாதி 'பரோ' என்றும் 'பாரோ' என்றும் 'பர்ரோ' என்றும் நாலைந்து விதமாக வரும். அண்ணன் தம்பிக்கே வேறு வேறாக இருக்கும். முதல் ஐந்து எழுத்தைப் போட்டு நட்சத்திரக் குறி வைத்துத் தேடுங்கள்.

பொறுமையாகப் போனால் 1800 வரை பெரும்பாலும் எட்டிவிடலாம். அதற்கு மேல் தடம் அறுந்தால், நடுவில் யாரையாவது இட்டு நிரப்ப வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, அதன் அடியில் கிராமத்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர் கேட்டால், 12ஆம் நூற்றாண்டில் அது அடின்புர்கா என்று அவளே சொல்வாள்.